கூரிய நீரும் சாட்சி ஒளியும்

ஒரு பொருளுக்கு ஓர் ஊரில் எத்தனை பெயர் வழங்குகிறதோ, அத்தனை வாசல் வழியாக அப்பொருள் அவ்வூருக்குள் வந்திருக்கிறது என்று கொள்ளலாம். நாம் வாழும் ஜவளகிரியில் அமிலத்துக்கு நான்கு பெயர்கள் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் பாடநூலைப் பின்பற்றி 'அமிலம்' என்கின்றனர். பட்டறைக்குச் செல்லும் இளைஞர்கள் 'ஆசிட்' என்கின்றனர். பழைய வைத்திய ஏடுகளில் பழகிய முதியோர் 'திராவகம்' என்பர். வீட்டில் உருது பேசும் குடும்பத்து மூதாட்டியரோ 'தேஜாப்' என்பர்.

அமிலம் என்பது வடமொழி வழியே வந்த சொல். புளிப்பு என்பது அதன் பொருள். அரபியில் வழங்கும் 'ஹாமிள்' என்னும் சொல்லும் புளிப்பையே குறிக்கும். இவ்விரு மொழியினரும் நாவை அளவுகோலாகக் கொண்டே பெயரிட்டனர். பாரசீகம் வேறொரு வழி சென்றது. அம்மொழியில் 'தேஸ்' என்றால் கூர்மை. 'ஆப்' என்றால் நீர். இரண்டும் இணைந்த 'தேஸாப்' உருதுக்கு வந்து, நம் பக்கத்து நாவில் 'தேஜாப்' ஆயிற்று. கூரிய நீர் என்பதே அதன் பொருள். அப்பெயருக்குள் நீர் ஒளிந்து நிற்பதை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். இனி நாம் எழுதப்போவது பெரும்பாலும் அந்த நீரைப் பற்றியதே.

ஜவளகிரியை அறியாதவர்களுக்குச் சில சொற்கள். தமிழகத்தின் வடமேற்கு விளிம்பில், கர்நாடக எல்லையை ஒட்டிய மலைக்காட்டூர் இது. பன்னார்கட்டா வனத்திலிருந்து காவிரிக் கரைக் காடுகளை நோக்கி யானைக் கூட்டங்கள் நடக்கும் பாதையில் அமைந்தது. கேழ்வரகு விளையும் காலத்தில் இரவெல்லாம் காவல் இருக்க வேண்டும். தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் ஒரே சந்தையில் கலந்து ஒலிக்கும். ஒருபுறம் இவ்வாறு காடு, மறுபுறம் ஓசூர். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தபின், ஓசூரின் பெரிய ஆலைகளைச் சுற்றி நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் முளைத்தன. இரும்பை வார்ப்பது, கடைவது, முலாம் பூசுவது, துருவை நீக்குவது என அவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலையைச் செய்கின்றன. நம் பிள்ளைகள் அதிகாலைப் பேருந்தில் ஏறிச் செல்வதும் இருட்டிய பின் திரும்புவதும் இப்பட்டறைகளுக்குத்தான்.

துரு நீக்கவும் முலாம் பூசவும் அமிலம் வேண்டும். ஆகவே நம் ஊரின் அடுப்பெரியும் வீடுகள் பலவற்றுக்கும் அமிலத்துக்கும் ஓர் உறவு உண்டு. அவ்வுறவின் இயல்பை அறிந்திருக்க வேண்டிய கட்டாயம் நமக்கு ஒரு விபத்தினால் வந்தது.

நம் மக்தபில் ஓதிச் சென்ற இளைஞர் ஒருவர், பெயர் சொல்ல வேண்டாத ஒரு பட்டறையில் உதவியாளாக இருந்தார். அங்கே அடர்ந்த கந்தக அமிலம் இரும்பு டிரம்களில் வரும். பல மாதங்கள் அமிலம் நிறைந்திருந்தும் டிரம்முக்கு ஒன்றும் நேர்ந்ததில்லை. ஒரு டிரம் தீர்ந்தது. அடியில் தங்கியதைக் கழுவுவதற்காகச் சிறிது தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, மூடியைத் திருகி ஓர் ஓரத்தில் வைத்துவிட்டனர். மறுநாள் அதன் மேற்பகுதியை வெட்டித் தண்ணீர்த் தொட்டியாக்க எண்ணி, காஸ் கட்டிங் சுடரைக் கொண்டுவந்தனர். நம் பிள்ளை டிரம்மைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுடர் பட்ட கணத்தில் டிரம் வெடித்தது. சுடர் பிடித்தவருக்குக் கையில் தீக்காயம். நம் பிள்ளைக்கு இடக்கண்ணின் பார்வை போயிற்று.

நலம் விசாரிக்கச் சென்றபோது அவர் நம்மிடம் கேட்ட வினா இதுதான்: "ஹஜ்ரத், முழு ஆசிட் இருந்தப்போ டிரம் சும்மா இருந்துச்சு. காலியான டிரம்முல தண்ணிதானே ஊத்தினோம்? தண்ணி ஊத்தினா வீரியம் குறையத்தானே வேணும்?"

வினாவின் நேர்மை நம்மை உலுக்கிற்று. அவருடைய தர்க்கத்தில் குறையில்லை. அவருக்கு ஒருவரும் சொல்லித் தராத ஓர் உண்மை இடையில் விடுபட்டிருந்தது. தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பிக்கும் நண்பர் ஒருவரை அணுகினோம். அவர் வழியே நாம் கற்றதை இங்கு வரிசைப்படுத்துகிறோம்.

செறிவு வேறு; வலிமை வேறு. செறிவு என்பது ஒரு குடுவையில் எவ்வளவு அமிலம், எவ்வளவு நீர் என்னும் கணக்கு. வலிமை என்பது அந்த அமிலத்தின் மூலக்கூறுகள் நீரோடு கூடும்போது எவ்வளவு தூரம் பிரிந்து, ஹைட்ரஜன் அயனியை விடுவிக்கின்றன என்னும் கணக்கு. இரும்பைத் தின்பது பெரும்பாலும் அந்த அயனியே. அதனை ஏற்றுச் சுமக்க நீர் வேண்டும். 98 விழுக்காட்டுக் கந்தக அமிலத்தில் நீர் மிகச் சொற்பம். ஆகவே அங்கே பெரும்பாலான மூலக்கூறுகள் பிரியாமல் முழுமையாகவே கிடக்கின்றன. இரும்பின் மேல் படியும் இரும்பு சல்பேட்டுப் படலமும் கரையாமல் நின்று, கவசம்போல் டிரம்மைக் காக்கிறது. நீர் சேர்ந்ததும் நிலைமை தலைகீழாகிறது. மூலக்கூறுகள் பிரிகின்றன, படலம் கரைகிறது, அமிலம் இரும்பைத் தின்கிறது, தின்னும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவருகிறது. மூடிய டிரம்முக்குள் இரவெல்லாம் திரண்ட அந்த வாயு, காற்றோடு கலந்து ஒரு பொறிக்காகக் காத்திருந்தது. காலியென்று எண்ணிய டிரம், நிறைந்திருந்த நாளைவிடக் கொடியதாக இருந்தது.

இவ்விடத்தில் ஒரு வினா எழும். மூலக்கூறு பிரிந்ததா, பிரியவில்லையா என்று கண்டவர் யார்? அடர்ந்த அமிலமும் நீர் கலந்த அமிலமும் கண்ணுக்கு ஒரே தெளிவுடன் அல்லவா தோன்றுகின்றன?

உப்பும் அமிலமும் நீரில் அயனிகளாகப் பிரிகின்றன என்னும் கருத்தை சுவீடன் நாட்டு இளைஞர் அர்ரேனியஸ் 1884ஆம் ஆண்டில் தம் பட்டத்துக்கான ஆய்வுரையில் முன்வைத்தார். அவருடைய பல்கலைக்கழகம் அவ்வாய்வுக்குத் தாழ்ந்த தரமே வழங்கிற்று. 1903இல் அக்கருத்துக்காகவே அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆயினும் அவர் காட்டிய சான்றுகள் மின்னோட்டம், உறைநிலை போன்றவற்றிலிருந்து ஊகித்து எடுத்தவை. அடர்ந்த கரைசல்களுக்கு அந்தக் கணக்குகள் சரிவரப் பொருந்தவும் இல்லை. வழக்குமன்றத்தில் சூழ்நிலைச் சான்று ஒன்று. நேரில் கண்ட சாட்சி வேறொன்று. அமிலத்துக்கு நேர்சாட்சி கிடைத்தது 1928க்குப் பிறகுதான். அதைத் தேடித் தந்தவர் தமிழ்நாட்டில் பிறந்தவர் என்பதும், அது முதன்முதலாக விரிவாக எடுத்துரைக்கப்பட்ட நகரம் நம் எல்லைக்கு அப்பால் சில மணி நேரப் பயணத்தில் இருப்பதும் நம்மவர்க்குப் பெருமை தருவன.

திருச்சிராப்பள்ளியில் 1888இல் பிறந்த சி. வி. இராமன், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனோடு கல்கத்தாவில் ஆய்ந்துவந்தார். 1928 பிப்ரவரி 28ஆம் நாள் அவர்கள் கண்டது இதுவே: ஒரே நிறமுள்ள ஒளியைத் தெளிந்த திரவத்தின்மீது பாய்ச்சினால், சிதறி வெளிவரும் ஒளியில் பெரும்பங்கு வந்த நிறத்திலேயே வருகிறது, மிகச் சிறு பங்கு மட்டும் நிறம் மாறி வருகிறது. கோடிக்கணக்கான ஒளித்துகள்களுள் ஒன்றிரண்டே அவ்வாறு மாறுவன. மூலக்கூறு ஓயாது அதிர்ந்துகொண்டிருக்கிறது. ஒளி அதன்மேல் மோதும்போது தன் ஆற்றலில் ஒரு பகுதியை அவ்வதிர்வுக்குக் கொடுத்துவிட்டு வருகிறது. எவ்வளவு கொடுத்தது என்பதை நிறமாற்றம் சொல்லும். ஒவ்வொரு மூலக்கூறுக்கும் அதிர்வு வேறாதலால், ஒவ்வொன்றும் தன் கையொப்பத்தை ஒளியில் இட்டு அனுப்புகிறது எனலாம். இதையே உலகம் இராமன் விளைவு என்கிறது. அதே ஆண்டு மார்ச் 16ஆம் நாள் பெங்களூரில் இராமன் இதைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். 1930இல் நோபல் பரிசு பெற்றார். 1933இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக வந்தார். 1970இல் மறையும்வரை அந்நகரமே அவர் இருப்பிடமாயிற்று.

புதிய விளக்கு கைக்கு வந்ததும் அதை அமிலத்தின்மேல் பிடித்துப் பார்த்தவர்களுள் முந்தியவர் ஐ. இராமகிருஷ்ண ராவ் என்னும் இந்தியர். நைட்ரிக் அமிலத்தைப் பல செறிவுகளில் எடுத்து அவர் செய்த ஆய்வு, 1930இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. பிரியாத நைட்ரிக் அமில மூலக்கூறு 1300 என்னும் அலை எண்ணின் அருகே ஒரு வலிய கோட்டைத் தரும். பிரிந்தபின் எஞ்சும் நைட்ரேட் அயனியோ 1050இன் அருகே ஒரு கோட்டைத் தரும். அலை எண் என்பது ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை. இங்கே அது நிறம் எவ்வளவு மாறியது என்பதன் அளவு. அடர்ந்த அமிலத்தில் முதற்கோடு பிரகாசிக்கிறது. இரண்டாவது மங்கிக் கிடக்கிறது. நீர் சேரச் சேர முதற்கோடு மங்குகிறது; இரண்டாவது ஒளி பெறுகிறது. பிரிந்தவை எத்தனை, பிரியாதவை எத்தனை என்பதைக் கோடுகளின் பிரகாசத்தைக் கொண்டே அளக்க முடிந்தது. குடுவையைத் திறக்காமல், துளியும் எடுக்காமல், உள்ளே நடப்பதை ஒளி வந்து சாட்சி சொல்லிற்று.

1934இல் இராமன் பெங்களூரில் இந்திய அறிவியல் அகாதெமியை நிறுவினார். அதன் இதழில், 1930களின் நடுவில், சி. எஸ். வெங்கடேஸ்வரன் என்னும் ஆய்வாளர் அயோடிக் அமிலம், பாஸ்பாரிக் அமிலம் முதலியவற்றின் இராமன் நிறமாலைகளை வெளியிட்டார். லேசர் ஒளி பிறவாத காலம் அது. பாதரச விளக்கின் நீல ஒளியைக் கரைசலின்மேல் பாய்ச்சி, மங்கலான கோடு ஒளிப்படத் தகட்டில் பதியும்வரை பல மணி நேரம், சிலபோது நாள்கணக்கில், காத்திருக்க வேண்டும். அந்தப் பொறுமையை எண்ணும்போது, ஒரே கிதாபின் ஓர் ஓரக்குறிப்பை ஒப்பிட்டுச் சரிபார்க்க இரவு முழுவதும் விழித்திருந்த நம் உஸ்தாதுமார்கள் நினைவுக்கு வருகின்றனர்.

டிரம்மில் இருந்த கந்தக அமிலத்துக்கு வருவோம். அது இரு படிகளில் பிரியும். முழு மூலக்கூறு ஒரு ஹைட்ரஜன் அயனியை விட்டதும் பைசல்பேட் ஆகிறது. இன்னொன்றையும் விட்டதும் சல்பேட் ஆகிறது. முழு மூலக்கூறு 910இன் அருகிலும், பைசல்பேட் 1050இன் அருகிலும், சல்பேட் 980இன் அருகிலும் கோடிடும். அடர்ந்த அமிலத்தில் 910 மேலோங்கும். மோட்டார் வண்டி பாட்டரியில் ஊற்றும் அளவுக்கு நீர்த்தால் பைசல்பேட்டின் ஆட்சி. மேலும் மேலும் நீர்த்தால் சல்பேட்டின் கோடு வளரும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் டி. எஃப். யங்கும் அவருடைய தோழர்களும் 1959இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் இன்றும் மேற்கோளாக எடுத்தாளப்படுவது.

வெப்பத்தைப் பற்றி ஒரு வியப்பு உண்டு. சூடேற்றினால் எல்லாம் மேலும் பிரியும் என்றே எவரும் எண்ணுவர். நீர்த்த கந்தக அமிலத்தைச் சூடேற்றி ஒளியைப் பாய்ச்சினால், சல்பேட்டின் கோடு தளர்ந்து பைசல்பேட்டின் கோடு உயர்கிறது. அதாவது சூட்டில் இரண்டாம் பிரிகை குறைகிறது. விடுபட்ட அயனியில் ஒரு பகுதி மீண்டும் ஒட்டிக்கொள்கிறது. நைட்ரிக் அமிலத்திலும் சூடு பிரிகையைக் குறைக்கவே செய்கிறது. ஆனால் இதைக் கேட்டு, சூடான அமிலம் சாதுவானது என்று ஒருவரும் முடிவு கட்டிவிடலாகாது. பிரிகையின் அளவு வேறு. வேதிவினையின் வேகம் வேறு. சூடு வினையின் வேகத்தைப் பன்மடங்கு கூட்டும். அதனால்தான் பட்டறைகளில் துரு நீக்கும் தொட்டியைச் சூடாக்குகின்றனர். அதனால்தான் சூடான தொட்டியின் ஆவி நெஞ்சைச் சுடுகிறது. ஒரு சாட்சி எதைக் கண்டாரோ அதற்கு மட்டுமே அவர் சாட்சி. காணாததற்கும் அவரைச் சாட்சியாக்குவது நீதியாகாது.

நண்பர் நம்மைப் பெங்களூரில் தாம் பயின்ற கல்லூரியின் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு நாள் அழைத்துச் சென்றார். விரல் நீளக் கண்ணாடிக் குப்பிகள் மூன்றில், மூன்று செறிவுகளில் நைட்ரிக் அமிலம் இருந்தது. பச்சை நிற லேசர் ஒளி குப்பியில் பாய்ந்தது. முன்னாளில் பல மணி நேரம் பிடித்த வேலை சில நிமிடங்களில் கணினித் திரையில் மலைமுகடுபோல் எழுந்து நின்றது. முதற்குப்பியில் 1300 உயர்ந்த சிகரம். இரண்டாம் குப்பியில் இரு சிகரங்களும் நின்றன. மூன்றாவதில் 1050 ஒன்றே ஓங்கி நின்றது. மூன்று குப்பிகளையும் மாற்றி வைத்தால் நம் கண்ணால் அடையாளம் காண இயலாது. ஒளிக்கோ ஐயமே இல்லை.

அதைக் காண்கையில் நமக்கு அரபு இலக்கண வகுப்பு நினைவுக்கு வந்தது. 'நஹ்வு' தொடங்கும் மாணவர்க்கு 'ஸைத்' என்னும் பெயரைக் கொண்டே பாடம் நடக்கும். ஸைத் வந்தார் என்றால் 'ஸைதுன்'. ஸைதைக் கண்டேன் என்றால் 'ஸைதன்'. ஸைதோடு என்றால் 'ஸைதின்'. மனிதர் ஒருவரே, முன்னே நிற்கும் சொல் மாறும்போது ஈறு மாறுகிறது. அவ்வாறு மாற்றுவதை 'ஆமில்' என்பர். அமிலத்துக்கு நீரே ஆமில். எந்த அளவு நீரோடு நிற்கிறது என்பதைச் சொல்லாமல் ஓர் அமிலத்தின் குணத்தைச் சொல்வது, வாக்கியத்தைக் கேட்காமல் ஈற்றுக்குக் குறியிடுவதை ஒக்கும். இந்த உவமையைச் சொன்னபோதுதான் நம் பிள்ளையின் முகம் தெளிந்தது. "அப்போ தண்ணி குறைக்கல, எழுப்பி விட்டுச்சு, அப்படித்தானே ஹஜ்ரத்?" என்றார். அதைவிடச் சுருக்கமாக நம்மாலும் சொல்ல இயலாது.

அறிவியல் என்றதும் நம் மேடைகளில் முன்னோர் பெருமை பேசப்படுவது வழக்கம். காரத்தைக் குறிக்கும் 'அல்கலி' என்னும் ஐரோப்பியச் சொல், தாவரச் சாம்பலைக் குறித்த 'அல்கலீ' என்னும் அரபுச் சொல்லே. ஒளி பொருளிலிருந்து கண்ணுக்கு வருகிறது என்பதைச் சோதனைகளால் நிறுவ முயன்ற இப்னுல் ஹைஸம், பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து ஏறத்தாழ 1040இல் மறைந்தவர். இவை மெய். ஆனால் நைட்ரிக் அமிலத்தைக் கண்டவர் ஜாபிர் இப்னு ஹையான் என்று அடித்துச் சொல்வது நமக்கு உடன்பாடன்று. அவர் பெயரால் ஐரோப்பாவில் வழங்கிய இலத்தீன் நூல்களுள் முதன்மையானவை, அவர் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பின் அங்கேயே எழுதப்பட்டவை என்று ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தொடரை இத்தனை நுணுக்கமாகச் சோதித்த சமுதாயம், தன் பெருமையின் தொடரையும் அதே கண்டிப்போடு சோதிக்க வேண்டும். முன்னோர் அறிந்ததைப் பேசுவதோடு, நம் பிள்ளை நாளைக்கு அறிந்திருக்க வேண்டியதையும் நாம் பேச வேண்டும்.

அது என்ன? அந்த டிரம்மின்மேல் எச்சரிக்கை ஒட்டப்பட்டுத்தான் இருந்தது. அது ஆங்கிலத்தில் இருந்தது. நம் பிள்ளை தமிழ் படிப்பார். அரபு எழுத்தில் ஓதுவார். அவரோடு நின்றவர்கள் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். எச்சரித்தோம் என்று எழுதியவருக்கு மனநிறைவு, எச்சரிக்கப்பட்டவர் எவருமில்லை. இப்போது நம் மத்ரஸாவில் ஞாயிறுதோறும் மாலை அரைமணி நேரம், பட்டறைக்குச் செல்லும் இளைஞர்களை, எம்மதத்தினர் ஆயினும், அழைத்து உட்கார வைக்கிறோம். நண்பர் வந்து லேபிள்களைப் படித்துக் காட்டுகிறார். அமிலத்தை நீரில் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும்; அமிலத்தில் நீரைக் கொட்டலாகாது, எழும் வெப்பத்தில் அது கொதித்துத் தெறிக்கும். அமிலம் இருந்த இரும்புப் பாத்திரம் காலியானாலும் அதன் அருகே சுடரோ பொறியோ கூடாது. கழுவிய டிரம்மைக் கழுவாத டிரம்மைவிட அதிகமாக அஞ்ச வேண்டும். மேலே தெறித்தால் உடனே ஓடும் நீரில் நெடுநேரம் கழுவ வேண்டும். சொற்ப நீரால் துடைப்பது போதாது. இந்த நான்கையும் வகுப்பில் ஒவ்வொருவரும் தம் தாய்மொழியில் திருப்பிச் சொல்கின்றனர். கன்னடத்தில் சொல்பவரும் உண்டு. ஒடியாவில் சொல்பவரும் உண்டு. அவ்வகுப்பில் முன்வரிசையில் அமர்ந்து மற்றவர்க்கு விளக்குபவர், ஒரு கண்ணோடு திரும்பிவந்த நம் பிள்ளைதான்.

இதை வாசிக்கும் தாய்மார்களிடமும் தந்தைமார்களிடமும் ஒரு விண்ணப்பம். பிள்ளை வேலையிலிருந்து வந்ததும் சம்பளம் எப்போது என்று கேட்கிறோம்; சாப்பிட்டாயா என்று கேட்கிறோம். அவற்றோடு, இன்று நீ கையாண்ட டிரம்மில் என்ன இருந்தது, அதில் எவ்வளவு நீர் சேர்ந்திருந்தது என்றும் கேளுங்கள். விடை தெரியவில்லை என்றால், தெரிந்துகொண்டு வரும்வரை அந்த மூடியைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள்.